காருக்கு மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் எழுதி இயக்கும் சின்னச் சிப்) வைத்து நாமே ஒரு கண்காணிப்புக் கருவி செய்ய முடியுமா? அதனால் பயன் உண்டா?

முடியும், பயனும் உண்டு. உங்களுடையது ஓபிடி போர்ட் (காரின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் எடுக்கும் சாக்கெட்) இல்லாத பழைய கார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். புது கார் என்றால் அந்த போர்ட்டில் ஒரு ப்ளூடூத் டாங்கிளை மாட்டி போனிலேயே பார்த்துவிடலாம், அதை நான் மறுக்கவில்லை.

என் காரில் அந்த போர்ட்டே கிடையாது. காலையில் செல்ஃப் திணறித் திணறித்தான் எடுக்கும். ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். மாற்றியும் சில வாரங்களில் பழையபடி ஆகிவிட்டது. அப்புறம்தான் ஆர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வைத்து, பேட்டரி வோல்ட்டேஜையும் ரேடியேட்டர் ஹோஸின் சூட்டையும் காட்டும் பெட்டியைச் செய்து டேஷ்போர்டுக்குக் கீழே பொருத்தினேன்.

இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். கிளம்பும்போது 14.1 காட்டியது. இன்ஜின் சூடேறி, ஹெட்லைட்டும் போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 12.4-இல் வந்து நின்றது. அதாவது சார்ஜே ஏறவில்லை, வண்டி பேட்டரியில்தான் ஓடுகிறது. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. மெமரி கார்டில் பதிவானதை அந்த ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "வீட்டில் செய்ததை எல்லாம் நம்ப முடியாது சார்" என்று பார்க்கவே மறுத்துவிட்டார்கள். வேறொரு மெக்கானிக் இன்ஜினைச் சூடாக்கி மீட்டர் வைத்துப் பார்த்தார். அதே அளவுதான். ஆல்டர்னேட்டரில் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரை மாற்றியதும் சரியானது.

செய்ய உட்கார்ந்தால் எல்லோரும் டிஸ்ப்ளேயில்தான் நேரம் செலவிடுகிறார்கள். கஷ்டம் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சப்ளையில் இருக்கிறது. கார் மின்சாரம் சீரான 12 வோல்ட் அல்ல. ஸ்டார்ட் செய்யும்போது 10-க்கும் கீழே போகும். சார்ஜ் ஆகும்போது பேட்டரி டெர்மினல் கழன்றால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பல பத்து வோல்ட் பாயும். அதனால் ஃபியூஸ், டிவிஎஸ் டயோட் (திடீரென்று பாயும் வோல்ட்டேஜைத் தடுப்பது), பக் கன்வெர்ட்டர் (அதிகம் சூடாகாமல் வோல்ட்டேஜைக் குறைப்பது) என்ற வரிசையில் போங்கள். பக் கன்வெர்ட்டருக்குப் பதில் 7805 என்ற சாதாரண 5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி போட்டாலும் ஓடும், ஆனால் 14 வோல்ட்டிலிருந்து 5-க்கு இறக்கும்போது 200 மில்லி ஆம்பியருக்கே 1.8 வாட் சூடாகிறது. மூடிய பெட்டிக்குள் அது அதிகம். சப்ளையை இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் லைனில் எடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கும்.

வோல்ட்டேஜ் அளக்க 30 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்த டிவைடர் (வோல்ட்டேஜை நான்கில் ஒன்றாகக் குறைப்பது) போதும். 20 வோல்ட் வரை அளக்கலாம், பிரித்துக் காட்டும் மிகச் சிறிய படி ஏறத்தாழ 20 மில்லி வோல்ட். 5 வோல்ட் சப்ளையே அளவுகோல் என்பதால் அது ஆடினால் ரீடிங்கும் ஆடும். மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 'ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) துல்லியம் போதாதே' என்று சிலர் வருவார்கள். 14.1-க்கும் 12.4-க்கும் வித்தியாசம் தெரிய இது தாராளம்.

இன்னொரு ஆதங்கம். இப்போது பல கார்களில் டெம்பரேச்சர் முள்ளையே எடுத்துவிட்டு ஒரு விளக்கை வைக்கிறார்கள். முள் இருக்கும் கார்களிலும் பலவற்றில் சூடு கணிசமாக மாறினாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்துவிட்டார்கள். ஓட்டுபவர் பதறக் கூடாதாம். காசு கொடுத்து வாங்கியவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய உரிமை இல்லையா?

வயரிங் செய்யும்போது மஞ்சள் உறை போட்ட வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைத் தொடாதீர்கள்.