ஊக்கப் போதையை விட்டவரின் தவிப்பை அளப்பது எப்படி? கேள்வி பதில்

போதை மீட்பு வார்டில் நீண்ட காலமாகச் செவிலியராக இருக்கிறேன். மெத்தாம்பெட்டமைன், கோகெய்ன் போன்ற ஊக்கப் போதைப்பொருள்களை (உடலையும் மூளையையும் தூண்டிவிடுபவை) நிறுத்தியவர்களுக்கு வரும் விலகல் அறிகுறிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

செவிலியர் மாணவி: மதுவை நிறுத்தியவருக்குக் கை நடுக்கம், வியர்வை பார்த்து மதிப்பெண் போடுகிறோம். இவர்களிடம் எதைப் பார்ப்பது?

பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம். மதுவில் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே சுருண்டு படுத்திருப்பவரைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றே தோன்றும். எழுப்பிக் கேட்டால்தான் கெட்ட கனவுகள், எதிலும் பிடிப்பின்மை, எரிச்சல் எல்லாம் வெளியே வரும்.

இதற்கென்றே படிவங்கள் இருக்கின்றன. கோகெய்னுக்கு 1998இல் வெளியான படிவத்தில் 18 அம்சங்கள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை மதிப்பெண். மாவு, இனிப்புப் பண்டங்கள் மீதான ஆசையும் நாடித்துடிப்பு குறைவதும்கூட அதில் உண்டு. மெத்தாம்பெட்டமைன் கலந்த 'யா பா' மாத்திரை பரவிய தாய்லாந்தில், ஆம்பெட்டமைன் வகைகளுக்கு 10 கேள்விகள் கொண்ட படிவம் 1999இல் வந்தது. பின்னர் வந்த இன்னொன்றில் 16 கேள்விகள், 0 முதல் 4 வரை. பதற்றமும் மனநிலையும், களைப்பு, போதை நாட்டம் என்று மூன்றையும் அது பிரித்துக் காட்டுவதால் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு தாய்: மகன் மெத்தாம்பெட்டமைனை விட்டு மூன்று நாள். ஓயாமல் தூங்குகிறான், எழுந்தால் சோறு, இனிப்பு. பயமாக இருக்கிறது.

அம்மா, பல நாள் தூக்கமும் பசியும் அடக்கிவைக்கப்பட்டிருந்த உடம்பு அது. இப்போது இரண்டையும் திரும்பக் கேட்கிறது. தூங்கட்டும், சாப்பிடட்டும். ஒரு நோட்டில் தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை வேளை சாப்பிட்டான், அவன் சொன்ன ஒரு வரி. மருத்துவருக்கு அது பெரிய உதவி. எழுப்பியும் எழாவிட்டால், நெஞ்சு வலி, வலிப்பு, கடும் காய்ச்சல் வந்தால், நோட்டை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வருகிறது என்றால் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

ஆய்வு மாணவர்: விலகல் கட்டம் கட்டமாக வருமா, சீராகக் குறையுமா?

1986இல் வெளிநோயாளிகளிடம் கோகெய்ன் விலகலைக் கவனித்தவர்கள் மூன்று கட்டங்களைச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் உள்நோயாளிகளைப் பார்த்தவர்களுக்குக் கட்டங்கள் தெரியவில்லை. மெல்லக் குறைவதுதான் தெரிந்தது. தாய்லாந்தில் 2005இல் வெளியான மெத்தாம்பெட்டமைன் ஆய்விலும் முதல் நாளே உச்சம், ஒரு வாரத்தில் பெரிய இறக்கம். போதை ஆசையைக் கிளறும் பழைய நண்பனும் வார்டுக்குள் இல்லை, பழைய தெருமுனையும் இல்லை. அளந்த இடத்தையும் மதிப்பெண்ணோடு சேர்த்து எழுதுங்கள்.

அதே மாணவர்: தவிப்பை அளக்கச் சிறுநீர்ப் பரிசோதனை போதாதா?

போதாது. அண்மையில் எடுத்தாரா என்பதை அது சொல்லும். எவ்வளவு தவிக்கிறார் என்பதைச் சொல்லாது.

பயிற்சி மருத்துவர்: மொத்த மதிப்பெண் நன்றாகக் குறைந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாமா?

மொத்தத்தை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். கோகெய்ன் படிவத்தில் அளந்த ஓர் இளைஞருக்கு ஆறாம் நாள் தூக்கம், பசி, களைப்பு எல்லாம் சீராகி, கூட்டுத்தொகை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தற்கொலை எண்ணத்துக்கான கட்டத்தில் மட்டும் முதல் நாள் 1, அன்று 5. களைப்பு நீங்கி எழுந்து உட்கார்ந்த பிறகுதான் இழந்த வேலையும் கடனும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கின்றன. கூட்டிப் பார்த்த எங்களுக்கு அது தெரியவில்லை. படிவத்தை வரிவரியாகப் படித்த இரவுப்பணிச் செவிலியர்தான் கண்டுபிடித்தார். அந்த இளைஞரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்ட பிறகே கூட்டுகிறோம்.