புது பேஷன்ட் திசுல மட்டும் மாடல் ஏன் சொதப்புது?

இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ராவ (திசு படத்துல ஒவ்வொரு பிக்சலும் எந்த அலைல எவ்ளோ ஒளிய உறிஞ்சுதுங்கிற கோடு) வச்சு கேன்சர கண்டுபிடிக்கிற உங்க AI மாடல் டெஸ்ட்ல 97% சரியா சொல்லுது, ஆனா புது பேஷன்ட்டோட பெருங்குடல் திசு குடுத்தா கேன்சரையே நார்மல்னு சொல்லுதுன்னு கேட்டிருக்கீங்க, இன்ஃப்ராரெட் மெஷின குறை சொல்றதுக்கு முன்னாடி ஸ்பெக்ட்ராவ எப்படி பிரிச்சீங்கன்னு பாருங்க, ஒரே ஆளோட பிக்சல் பாதி ட்ரெய்னிங்லயும் பாதி டெஸ்ட்லயும் போயிருந்தா மாடல் கேன்சர கத்துக்கல, அந்த ஆளத்தான் மனப்பாடம் பண்ணிருக்கு. பேஷன்ட் வாரியா பிரிங்க. மார்க் கொறையும், ஆனா அதுதான் நிஜ மார்க்.

திசுவ பதிச்சு வச்ச மெழுகு எடுக்காத திசுன்னா, ஸ்பெக்ட்ரால 1462, 1378 cm⁻¹ (அலை எண்) பக்கம் தெரியுறது பெரும்பாலும் அந்த மெழுகு, அதாவது பாரஃபின்தான், அந்த ஏரியாவ வெட்டிடுங்க. ஆனா 1000லேர்ந்து 1150 வரைக்கும் கை வைக்காதீங்க, நார்மல் குடல் சுரப்பியில நெறைய இருக்குற மியூசின் (வழவழப்பான சளிப் பொருள்) அங்கதான் தெரியும், கேன்சர்ல அது பெரும்பாலும் கொறஞ்சிடும். மியூசினஸ் வகை கேன்சர் மட்டும் நேர் எதிர், அதுல மியூசின் நெறைய இருக்கும் (மாடல கவுக்கறதுல கில்லாடி), அது உங்க சாம்பிள்ல இருக்கான்னு பேத்தாலஜிஸ்ட்கிட்ட கேட்டுருங்க.