விறகு அறுக்க எந்த ரம்பம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வயலோரத்துச் சீமைக்கருவேல மரங்களை ஆள் வைத்து வெட்டி, வீட்டுக் கொல்லையில் குவித்து வைத்திருக்கிறேன். வெந்நீர் அடுப்புக்காக அவற்றைத் துண்டு போட வேண்டும். கோடாரி பிடிக்க இப்போது தோள் இடம் கொடுக்கவில்லை. 58 சிசி எஞ்சினும் 22 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் தட்டையான இரும்புப் பட்டை) உள்ள பெட்ரோல் செயின்சாவை வாங்கினால் எதற்கும் தாங்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?
(வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: வேண்டாம். அந்த ரம்பம் நின்ற மரத்தைச் சாய்ப்பவருக்கும் பெரிய அடிமரத்தை அறுப்பவருக்கும் உரியது. உங்கள் மரங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டன. சீமைக்கருவேலத்தில் விறகாகும் கிளைகள் பெரும்பாலும் 4 முதல் 8 அங்குலக் கனத்தில்தான் இருக்கும். கட்டையின் கனத்தைவிட 2 அங்குலம் கூடுதலான பார் இருந்தால் போதும் என்பதால், 14 அங்குல பாரே உங்கள் வேலையை முடித்துவிடும். 16 அங்குலத்துக்கு மேல் போக எந்தக் காரணமும் இல்லை.

நீளமான பாரைத் தவிர்க்கச் சொல்வதற்கு எடையும் விலையும் மட்டும் காரணமல்ல. பாரின் நுனியில், அதன் மேல் பாதி வேறொரு கட்டையில் பட்டுவிட்டால், பற்கள் அறுக்க முடியாமல் மரத்தைக் கவ்வி, ரம்பம் முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி உதைக்கும். இந்த ரம்பத்தால் நேரும் மிகக் கொடிய காயங்கள் இப்படி வருபவை. குவியலில் கிடக்கும் 6 அங்குலக் கிளையை 22 அங்குல பாரால் அறுக்கும்போது, மீதி 16 அங்குலம் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த கட்டையையோ மண்ணையோ போய்த் தொடும். ஆகவே குவியலின் மேலேயே வைத்து அறுக்காதீர்கள். இரண்டு ஜோடிக் கட்டைகளைப் பெருக்கல் குறி போலப் பிணைத்து ஒரு தாங்கி செய்து, ஒவ்வொரு கிளையாக அதில் ஏற்றி, தாங்கிக்கு வெளியே நீண்டிருக்கும் பக்கத்தில் அறுங்கள். நடுவில் அறுத்தால் கட்டை வளைந்து பாரை இறுக்கிவிடும். முள்ளையும் சிறு கிளைகளையும் முதலிலேயே அருவாளால் கழித்துவிடுவது நல்லது.

அடுத்தது பெட்ரோலா, மின்சாரமா என்ற கேள்வி. கொல்லைப்புறத்திலேயே வேலை என்பதால், ஒயர் இணைப்புள்ள 2000 வாட் அளவிலான மின்சார ரம்பத்தையே நான் பரிந்துரைப்பேன். எண்ணெய் கலக்கும் வேலையும், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகும் வேலையும் இல்லை. சில மாதங்கள் சும்மா கிடந்தாலும் சுவிட்சை அழுத்தியதும் ஓடும். ஆனால் அது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். விசிறிக்கும் விளக்குக்கும் உள்ள சாதாரண பிளக்கில் சொருகக் கூடாது. மோட்டாருக்கோ ஏசிக்கோ போடுகிற 16 ஆம்பியர் பவர் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் செய்த எக்ஸ்டென்ஷனும் வேண்டும். மாலையில் வோல்டேஜ் இறங்குகிற ஊராக இருந்தால் காலையில் அறுங்கள். குறைந்த வோல்டேஜில் மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

வயலுக்கே எடுத்துப் போயும் அறுக்க வேண்டியிருக்கும் என்றால் மட்டும் பெட்ரோலுக்குப் போங்கள். அதிலும் 30 முதல் 40 சிசி வரை போதுமானது. பெட்ரோலோடு கலக்கும் டூ டி (2T) ஆயிலை எஞ்சின் கையேட்டில் சொல்லியுள்ள அளவில், தனிக் கேனில் கலந்து, குலுக்கி ஊற்ற வேண்டும்; ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், அதை எஞ்சின் ஏற்குமா என்று கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் எரிந்து நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள்.

எதை வாங்கினாலும், கடையிலேயே ஓடவிட்டு, முன்கைப்பிடிக்கு மேலுள்ள தடுப்பை முன்னால் தள்ளிப் பாருங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்காத ரம்பம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அந்தக் கம்பெனியின் செயினும் பாரும் உங்கள் ஊர்ப்பக்கத்தில் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கைலி கட்டிக்கொண்டும் தோளில் துண்டு போட்டுக்கொண்டும் அறுப்பதை நம் ஊர்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். முழுக்கால் சட்டை, ஷூ, கண்ணாடி, காது மூடி, தோல் கையுறை ஆகியவற்றின் செலவையும் ரம்பத்தின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: புயலில் விழுந்த தென்னை மரங்களைச் செயின்சாவால் அறுக்கிறோம். புதுச் செயின் போட்டாலும் சிறிது நேரத்திலேயே மழுங்கிவிடுகிறது. செயின் மட்டமானதா?
(வாசகர், பட்டுக்கோட்டை)

பதில்: பெரும்பாலும் செயினின் குற்றமாக இராது. தென்னையின் வெளிச்சுற்று நெருக்கமான நார்க்கற்றைகளால் ஆனது. உள்ளே மென்மையாக இருந்தாலும் அந்த ஓரம் மிகக் கடினம். அதில் மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் உண்டு. போதாததற்கு, விழுந்து கிடக்கும் மரத்தில் மண் அப்பியிருக்கும். எலி ஏறாமலிருக்கத் தகரம் சுற்றிய மரமானால் ஆணியும் இருக்கும். அறுக்கும் இடத்தை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அடிமரத்தைக் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

கூரான செயின் மரத்தைச் சிறு சிறு சீவல்களாக வெளியே தள்ளும். மாவு போன்ற தூள் வரத் தொடங்கினாலோ, ரம்பத்தை அழுத்தினால்தான் இறங்கும் என்றானாலோ, நிறுத்திவிட்டு அரத்தை எடுக்க வேண்டும். உருண்டை அரத்தின் கனம் செயினைப் பொறுத்தது: சிறிய ரம்பங்களில் வரும் தாழ்வகை (லோ புரொஃபைல்) 3/8 அங்குலச் செயினுக்கு 4 மில்லிமீட்டர், 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் (இந்த அங்குல அளவு, பிட்ச் எனப்படும் செயின் கண்ணிகளின் இடைவெளியைக் குறிப்பது). பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, முன்னோக்கி மட்டும் தள்ளி, எல்லாப் பற்களையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் ரம்பம் கோணலாக இறங்கும்.

பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள இரும்புத் துகள்கள் எண்ணெய் பம்பையும் பாரின் பள்ளத்தையும் தேய்த்துவிடும், அந்த எண்ணெய் தோலுக்கும் கெடுதல். செயின் ஆயில் ஊற்றி, ரம்பத்தின் நுனியை ஒரு வெளிர்நிறக் கட்டைக்கு அருகில் காட்டி ஓடவிட்டால், கட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரைக் கழற்றி, எண்ணெய்த் துளையில் அடைத்திருக்கும் தென்னை நாரைக் குச்சியால் எடுத்துவிட்டுப் பிறகு அறுங்கள்.