ஒரே சொல், இரண்டு ஆட்டம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சென்னையில் இருந்தபடி ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். போன வாரம் ஒரு கூட்டத்தில் மேலாளர் "லெட்ஸ் பன்ட் ஆன் திஸ்" என்றார். 'துணிந்து இறங்கலாம்' என்கிறார் என்று நினைத்து மூன்று நாள் உட்கார்ந்து அந்த வேலையை முடித்தேன். அவர் சொன்னதோ 'இப்போதைக்கு விட்டுவிடலாம்' என்று. எல்லோர் முன்னாலும் கூசிப்போனேன். இதற்காக நான் பேஸ்பால் பார்த்துப் பழக வேண்டுமா?

வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கூச வேண்டியதே இல்லை. நீங்கள் புரிந்துகொண்டதும் சரியான பொருள்தான். பிரிட்டனில் 'டேக் எ பன்ட்' என்றால் பணம் கட்டிப் பார்ப்பது. சீட்டாட்ட மேசையிலிருந்து வந்த வழக்கு அது.

உங்கள் மேலாளர் சொன்னது அமெரிக்க ஃபுட்பால். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்பு. மூன்றிலும் முடியவில்லையா, நான்காவதில் பெரும்பாலும் வீம்பு பிடிக்க மாட்டார்கள். அதிலும் தவறினால் பந்து அதே இடத்தில் எதிரணி கைக்குப் போய்விடும். அதனால் பந்தை ஓங்கி உதைத்து, அவர்கள் வெகு பின்னாலிருந்து தொடங்கும்படி செய்வார்கள். அந்த உதைதான் பன்ட். லண்டனில் இறங்கிப் பார்ப்பது, டல்லாஸில் தள்ளிப்போடுவது.

பேஸ்பாலிலிருந்து வந்தவை வேறு. 'பால்பார்க்' கேட்டால் உத்தேசமான தொகை சொன்னால் போதும். 'ரெயின் செக்' மட்டும் கவனம். மழையால் ஆட்டம் நின்றால், கையிலுள்ள டிக்கெட் துண்டைக் காட்டி இன்னொரு நாள் வந்து பார்க்கலாம் என்ற ஏற்பாடு அது. மைதானத்தில் அது உறுதிமொழி. அலுவலகத்தில் பல நேரம் நாசூக்கான மறுப்பு.

என்னைக் கேட்டால், பல நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு முடிவைத் தன் ஊர் விளையாட்டை வைத்துச் சொன்னவர்மேல்தான் தவறு. நம்மவர்களும் சிக்கலான நிலைமையை அமெரிக்கர்களிடம் கிரிக்கெட் பாணியில் 'ஸ்டிக்கி விக்கெட்' என்கிறோமே! மூடாத ஆடுகளம் மழையில் நனைந்து வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று கணிக்க முடியாது. அவர்கள் அதை எங்கே கண்டார்கள்? ஆடுகளத்தை மூடிவைக்கும் இந்தக் காலத்தில் நம் பிள்ளைகளே பார்த்ததில்லை.

அதனால் பேஸ்பால் பிடித்தால் பாருங்கள், வேலைக்காகப் பார்க்க வேண்டாம். அடுத்த முறை "அப்படியென்றால் இதைச் செய்யட்டுமா, நிறுத்தட்டுமா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் உங்களைப் போலவே புரியாமல் தலையாட்டியவர்கள் இன்னும் இரண்டு பேராவது இருந்திருப்பார்கள்.