பெண் பிள்ளைகள் பாலே நடனம் அமைக்க முன்வராதது பற்றி

"யாருக்கு விருப்பம்?" என்று கேட்பதை நிறுத்துங்கள் டீச்சர். பெயர் சொல்லி முறை போட்டுக் கொடுங்கள்: இரண்டு நிமிட இசை, ஆட மூன்று பேர், ஒரு தேதி. உங்கள் கொழிஞ்சாம்பாறை வகுப்பில் அத்தனை பெண்கள் இருந்தும் அந்த ஒரே பையன்தான் நடனம் அமைக்க வருகிறான் என்றால், கூச்சம் மட்டும் காரணமாக இருக்காது.

பாலேயில் பெண்களுக்குக் குழு நடனம் அதிகம். வரிசை பிசகாமல், பக்கத்தில் நிற்பவளைப் போலவே காலைத் தூக்கத்தான் வருஷக்கணக்கில் பழகுகிறார்கள். ஒத்திகையிலும் அவர்களுக்கே வேலை கூடுதல். பையன் சுவரோரம் சும்மா நிற்கிற நேரத்தில் எதையாவது முயன்று பார்க்கிறான். யாருக்கு ஓய்வு கிடைக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். நான் சொன்னதுதான் என்றால், பெண்களுக்கும் வாரம் அரை மணி நேரம் ஹாலைத் திறந்து விடுங்கள். நீங்கள் உள்ளே போகாதீர்கள்.

முன்மாதிரி வேண்டுமென்றால், பாலே நடனங்கள் அமைத்த பிரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா என்ற பெண்மணி. 1923இல் பாரிஸில் அரங்கேறிய 'லே நோஸ்' என்ற பாலே அவர் அமைத்ததுதான். நடனக் கலைஞரான அண்ணன் வாட்ஸ்லாவ் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும், அது வேறு எரிச்சல்.

ஒன்று மட்டும்: நீங்கள் இல்லாதபோது சிமெண்ட் தரையில் தாவல்களும், கால்விரல் நுனியில் நிற்கப் போடும் பாயிண்ட் ஷூவும் வேண்டாம். அப்புறம், கலோத்சவம் (பள்ளிக் கலை விழா) நெருங்கும்போது இதைத் தொடங்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள்.