ஒரே வாரத்தில் இரண்டு வாக்கெடுப்பு: பவேரியாவிலிருந்து கேள்வி பதில்

இது 2023 செப்டம்பரில் எழுதியது. அக்டோபர் 8, 2023 ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் சட்டமன்றத் தேர்தல். அதற்கு நான்கு நாள் முன்னால், 4-ம் தேதி, ரோமில் கத்தோலிக்கத் திருச்சபையின் உலக ஆயர் மாமன்றம் கூடுகிறது. அதில் முதல்முறையாகப் பெண்கள் 54 பேர் வாக்களிக்கப் போகிறார்கள். ஜெர்மனியில் இருப்பவள், கத்தோலிக்கக் கோவில் வேலையும் பார்ப்பவள் என்று தெரிந்ததும் இரண்டையும் பற்றிக் கலந்துகட்டிக் கேள்விகள் வந்துவிட்டன. மியூனிக்குக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். பங்கில், அதாவது எங்கள் ஊர்க் கத்தோலிக்கச் சபையில், விவிலிய வாசகம் வாசிப்பேன், சாமியார் (குரு) இல்லாத ஞாயிறுகளில் இறைவார்த்தை வழிபாடு நடத்துவேன். தேர்தல் நாளில் வாக்கு எண்ணும் தன்னார்வலராகவும் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

யார் ஜெயிப்பார்கள்? ஒரே வரியில் சொல்லுங்கள். (சென்னையிலிருந்து)

இங்கே ஆளும் பழமைவாதக் கட்சியான சி.எஸ்.யூ முதலில் வரும், சுதந்திர வாக்காளர் கட்சியோடு சேர்ந்து ஆட்சி தொடரும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை சதவீதம் என்பதில்தான் எல்லோருக்கும் பதற்றம். 2003-ல் 60.7 சதவீதம் வாங்கிய கட்சி, 2018-ல் 37.2-க்கு இறங்கியது. அதற்கும் கீழே போனால் முதல்வர் மார்குஸ் சோடருக்குக் கட்சிக்குள்ளேயே தலைவலி.

அங்கே மக்கள் மனநிலை எப்படி இருக்கிறது? பணக்கார மாநிலம், என்ன குறை? (கோவை)

பணக்கார மாநிலம்தான். ஆனால் எங்கள் ஊர் ரொட்டிக்கடை வரிசையில் நின்று பாருங்கள், முனகல் தவிர வேறொன்றும் கேட்காது. வீட்டு வாடகை, எரிவாயு விலை, இந்த மாதம் பெர்லினில் மத்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வெப்பமூட்டிச் சட்டம் (வீட்டைச் சூடாக்க எண்ணெய், எரிவாயுவிலிருந்து மாறச் சொல்வது). பழைய எண்ணெய் கொதிகலனை என்ன செய்வது என்று தெரியாத எழுபது வயதுக்காரர் ஒருவர் என்னிடம், "என் நிலவறைக்குள் வந்து பெர்லின் எட்டிப் பார்க்குது" என்றார். மாநிலத் தேர்தல்தான், ஆனால் கோபம் முழுக்க மத்திய அரசின் மேல். அதில் அதிகம் அடிபடுவது அந்த அரசில் இருக்கும் பசுமைக் கட்சி. சி.எஸ்.யூவும் சுதந்திர வாக்காளர்களும் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டியும் அந்தக் கோபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் ஓடுகிறார்கள்.

ஐவாங்கர் துண்டுப்பிரசுர விவகாரம் அவரைக் கவிழ்க்கவில்லையே, ஏன்? (டொராண்டோ)

தெரியாதவர்களுக்கு: சுதந்திர வாக்காளர் கட்சித் தலைவரும் துணை முதல்வருமான ஹூபர்ட் ஐவாங்கர் 1980-களில் பள்ளி மாணவராக இருந்தபோது, அவருடைய பையில் யூத வெறுப்பு கக்கும் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது என்று ஆகஸ்ட் கடைசியில் செய்தி வந்தது. தான் எழுதவில்லை என்றார் அவர். எழுதியது நான் என்றார் அவருடைய அண்ணன். சோடர் 25 கேள்விகள் அனுப்பி, பதில் வாங்கி, பதவியில் தொடரட்டும் என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அந்தக் கட்சியின் ஆதரவு கருத்துக்கணிப்புகளில் ஏறியது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய பையைக் கிளறுகிறார்கள், நகரத்துப் பத்திரிகை நம் ஆளைக் குறிவைக்கிறது என்று கிராமம் அதை எடுத்துக்கொண்டது. எனக்கு இது கசப்பு. நாஜிகளின் டாக்கவ் வதைமுகாம் இருந்த இடம் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் கேட்டது என் மனக்கசப்பை அல்ல, காரணத்தை. காரணம் இதுதான்.

பாதர் பீடத்தில் நின்று இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்பாரா? (நாகர்கோவில்)

இப்போது இல்லை. என் மாமியார் காலத்தில் உண்டு. 1950, 60-களில் தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு ஆயர்களின் சுற்றறிக்கை வாசிக்கப்படும். கட்சிப் பெயர் இருக்காது, யாரைச் சொல்கிறார்கள் என்று குழந்தைக்கும் புரியும். 1980-ல் மத்தியத் தேர்தலுக்கு முன் அரசின் கடன்சுமையைப் பற்றி ஆயர்கள் எழுதியது பெரிய சண்டையானது. இன்று அப்படி வாசித்தால் பாதி ஜனம் எழுந்து போய்விடும். மீதிப் பாதி ஏற்கெனவே போய்விட்டது. 2022-ல் மட்டும் ஜெர்மனி முழுக்க 5,22,821 பேர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பதிவு நீங்கினார்கள். பவேரியாவிலேயே கத்தோலிக்கர் இப்போது பாதிக்கும் குறைவு.

ஒரு வேடிக்கை: கத்தோலிக்கக் கோட்டை என்று பெயரெடுத்த சி.எஸ்.யூவின் தலைவர் சோடர், நூரம்பெர்க்கைச் சேர்ந்த புரொட்டஸ்டன்ட். 2018-ல் எல்லா அரசு அலுவலக வாசலிலும் சிலுவை மாட்டச் சொன்னவர் அவர்தான். இது பிரிவினையையும் அமைதியின்மையையும் உண்டாக்குகிறது என்று எதிர்த்தவர் மியூனிக்கின் கர்தினால் மார்க்ஸ்.

அக்கா, பெண்கள் அங்கே கோவிலில் எதுவரை செய்யலாம்? இங்கே எங்கட பங்கிலே பூசையில் வாசகம் வாசிக்கிறதோட சரி. (யாழ்ப்பாணம்)

பட்டியல் நீளம், தங்கச்சி. ஆனால் ஒரு சுவர் வரை.

வாசகம் வாசிப்பது, நற்கருணை கொடுப்பது எல்லாம் பல வருடப் பழக்கம். பீடச்சிறுமியருக்கு 1994-ல் ரோம் அனுமதி கொடுத்தது, எங்கள் பங்கில் இப்போது பையன்களைவிடப் பெண்பிள்ளைகள் அதிகம். 2021 ஜனவரியில் பிரான்சிஸ் பாப்பரசர் சட்டத்தைத் திருத்தி, வாசகர், பீடத்துணைவர் என்ற நிலையான பணிப்பொறுப்புகளையே பெண்களுக்குத் திறந்துவிட்டார். அதே வருடம் மே மாதம் உபதேசியார் பணியையும் முறையான திருப்பணியாக்கினார். நம் ஊரில் உபதேசியார் இல்லாமல் பங்கே நடந்ததில்லை, ரோமுக்கு அது பிந்தித் தெரிந்திருக்கிறது.

ஜெர்மனிக்கே உரியது இன்னொன்று. இறையியலில் முழுப் பட்டம் பெற்று, மறைமாவட்டத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பொதுநிலை மேய்ப்புப் பணியாளர்கள். 1970-களின் தொடக்கத்தில் மியூனிக் மறைமாவட்டம்தான் இதற்கு வழி காட்டியது. மருத்துவமனையில், சிறையில், பள்ளியில், சாவு வீட்டில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் இவர்களைத்தான், அதிலும் பெண்களைத்தான். அடக்கச் சடங்கைப் பல மறைமாவட்டங்களில் இவர்களே நடத்துகிறார்கள். ஜெர்மனியின் மேற்கே எஸ்ஸன் மறைமாவட்டம் 2022-ல் பதினேழு பெண்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் அதிகாரமே தந்தது.

சுவர் எங்கே? திருப்பலியில் மறையுரை (பிரசங்கம்) கூடாது. ஒப்புரவு என்னும் பாவமன்னிப்பு, நோயில்பூசுதல் கூடாது. குருத்துவம் கூடவே கூடாது. திருமுழுக்குப் பெற்ற ஆண் மட்டுமே திருநிலைப்படுத்தப்படலாம் என்பது திருச்சபைச் சட்டம் 1024. 1994-ல் இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்குக் குருத்துவம் தரத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று எழுதி முடித்துவிட்டார். குருவுக்கு ஒரு படி கீழான திருத்தொண்டர் நிலை மட்டும் இன்னும் ஆய்வுக் குழுக்களுக்கிடையே உருண்டுகொண்டிருக்கிறது, 2016-ல் ஒன்று, 2020-ல் இன்னொன்று.

இதில் நோகும் இடம் மருத்துவமனை. மூன்று வாரம் கைபிடித்து உட்கார்ந்திருந்த பணியாளரிடம் ஒரு பாட்டி தன் பாவத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். மன்னிப்பு மொழி சொல்ல மட்டும் முன்பின் தெரியாத ஒரு குருவுக்கு போன் போட வேண்டியிருந்தது. அந்தப் பணியாளர் என் தோழி. அன்றைக்கு அவள் காரிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நம்ம ஊர் சாமியார்கள் நிறையப் பேர் அங்கே பங்குகளில் இருக்கிறார்களே? (திருச்சி)

இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து, நைஜீரியாவிலிருந்து, போலந்திலிருந்து. எங்கள் பங்குத் தொகுதியிலும் தென்னிந்தியர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டினார். அவர் மறையுரையை முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து திருத்திக் கொடுத்தது பங்கின் மேய்ப்புப் பணியாளரான ஒரு பெண். பத்து வருடம் இறையியல் படித்து, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தான் எழுதியதை அடுத்த நாள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

இந்தியக் குருக்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லையென்றால் பல கோவில்கள் பூட்டித்தான் கிடக்கும். ஆனால் ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஆள் தேடுகிற திருச்சபைக்கு ஏழடி தள்ளி நிற்கிறவள் கண்ணில் படுவதில்லை.

அவ்வளவு கோபம் இருந்தால் பெண்கள் அதை ஓட்டில் காட்ட வேண்டியதுதானே? (மதுரை)

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கோவிலில் மாற்றம் கேட்பவர் பசுமைக் கட்சிக்கும், பழமையை விரும்புபவர் சி.எஸ்.யூவுக்கும் போடுவார் என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். என் பங்கின் பெண்கள் சங்கத்தில் ஒரு சுற்று வந்து பாருங்கள். தலைவி சி.எஸ்.யூ உறுப்பினர், உள்ளூராட்சி மன்றத்திலும் இருந்தவர். திருச்சபையில் பெண்களுக்குச் சம உரிமை கேட்டு 2019-ல் ம்யூன்ஸ்டரில் தொடங்கிய 'மரியா 2.0' வேலைநிறுத்தத்தின்போது வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு கோவில் வாசலில் உட்கார்ந்தவரும் அவர்தான். ஓட்டை மாற்றுவீர்களா என்று கேட்டேன். "சட்டமன்றம் எனக்குச் சாலை போடும், குருப்பட்டம் தராதே" என்றார்.

சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் முழு நியாயம் இல்லை. மாநிலத்துக்கும் திருச்சபைக்கும் இங்கே கணக்கு வழக்கு நிறைய. வருமான வரியின் மேல் எட்டு சதவீதம் திருச்சபை வரியை வசூலிக்க வழி செய்வது மாநிலச் சட்டம். 1924-ல் போட்ட உடன்படிக்கையின்படி ஆயர்களின் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து போகிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் இறையியல் துறை, அரசுப் பள்ளியில் மறைக்கல்வி வகுப்பு எல்லாம் உண்டு. ஆண்களுக்கு மட்டுமான பதவிக்கு என் வரிப்பணம் ஏன் என்று ஒரு வேட்பாளரிடமாவது யாராவது கேட்டார்களா? மூன்று கூட்டங்களுக்குப் போனேன். வெப்பமூட்டியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அப்புறம், சட்டமன்றம் ஒன்றும் பெண்களின் சொர்க்கம் இல்லை. 2018-ல் தேர்வான 205 பேரில் பெண்கள் 55.

திருச்சபை ஒன்றும் ஜனநாயகம் இல்லையே. ஓட்டுப் போட்டு முடிவு செய்ய இது பஞ்சாயத்தா? (தூத்துக்குடி, பெயர் வேண்டாமாம்)

ஐயா, பாப்பரசரையே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேலி போதும். ஜெர்மன் திருச்சபை 2019 முதல் 2023 மார்ச் வரை 'கூட்டொருங்கியக்கப் பாதை' என்று ஒன்று நடத்தியது. ஆயர்களும் பொதுநிலையினரும் சேர்ந்து உட்கார்ந்த அவை. பெண்களுக்குத் திருப்பணிகளைத் திறப்பது பற்றிய ஏடு 2022 செப்டம்பரில் ஆயர்களிலேயே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவோடு நிறைவேறியது. பொதுநிலையினர் திருப்பலியில் மறையுரை ஆற்றலாம் என்ற கோரிக்கையை மார்ச்சில் ரோம் மறுத்தது. ஜூனில், இதைத் தொடர்வதற்கான குழுவுக்குப் பணம் ஒதுக்க நான்கு ஆயர்கள் சம்மதிக்கவில்லை. கொலோன் கர்தினாலைத் தவிர மற்ற மூவரும் பவேரியா: ரேகன்ஸ்பர்க், பாஸ்ஸாவ், ஐக்ஸ்டேட். ஓட்டில் தோற்றவர்களிடம் பணப்பெட்டியின் சாவி இருந்தது, அவ்வளவுதான்.

விவிலியத்தில் ஆதாரம் உண்டா? (பாளையங்கோட்டை)

உரோமையர் 16:1, கெங்கிரேயா சபையின் பெபேயாள். கிரேக்கத்தில் அவருக்குப் பவுல் எழுதும் சொல் 'தியாகொனோஸ்', அதாவது திருத்தொண்டர். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவர் 'ஊழியக்காரி'. சண்டை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான். அது பட்டமா, வெறும் சேவையா என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பெண்களும் பவேரியச் சட்டமன்றமும் திருச்சபையும், இந்த மூன்றும் சேர்ந்த கதை ஏதாவது உண்டா? (பெங்களூரு)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எல்லன் அம்மான்.

1870-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்து, கல்யாணமாகி மியூனிக் வந்தவர். கிராமத்திலிருந்து வேலை தேடி ரயிலில் வந்து இறங்கும் பெண்களைத் தரகர்கள் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்து, 1897-ல் மியூனிக் நிலையத்தில் கத்தோலிக்க ரயில் நிலைய உதவி மையத்தைத் தொடங்கினார். அது இன்றும் அங்கே நடக்கிறது. பவேரியாவில் கத்தோலிக்கப் பெண்கள் சங்கத்தைக் கட்டி எழுப்பியவரும் இவரே.

1918 நவம்பரில் புரட்சி வந்து, கூர்ட் ஐஸ்னரின் சோஷலிச அரசு பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. அதுவரை அதை எதிர்த்தவர்கள் கத்தோலிக்கக் கட்சிக்காரர்கள். 1919 ஜனவரி 12 தேர்தலில் என்ன நடந்தது தெரியுமா? கத்தோலிக்கக் கட்சியான பவேரிய மக்கள் கட்சி முதலிடம், வாக்குரிமை தந்த ஐஸ்னரின் கட்சிக்கு வெறும் 3 இடம். 180 பேர் அவையில் எட்டுப் பெண்கள், அவர்களில் ஒருவர் எல்லன் அம்மான். அதே வருடம் அவர் கத்தோலிக்கத் திருத்தொண்டர் பெண்களுக்கென்று ஒரு கூட்டமைப்பையும் நிறுவினார். ஆமாம், அந்தச் சொல்லையே பெயரில் வைத்து. நூறு வருடம் ஆகிவிட்டது.

1923-ல் ஹிட்லரை அந்நியன் என்று நாடு கடத்தச் சொல்லி உள்துறை அமைச்சரிடம் போன பெண்கள் குழுவில் இவரும் இருந்தார். கேட்கவில்லை. நவம்பர் 8 இரவு பீர் கூடத்தில் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்றபோது, சிக்காமல் இருந்த அமைச்சர்களைத் தன் சமூகப்பணிப் பள்ளியில் கூட்டினார். கலகத்துக்கு எதிரான அறிக்கை அங்கேதான் தயாரானது. சாகும்வரை சட்டமன்ற உறுப்பினர். 1932 நவம்பரில் அவையில் பேசிவிட்டு வந்த கையோடு இறந்துபோனார்.

அவர் தொடங்கிய சங்கத்தின் பெண்கள் ஒவ்வொரு ஏப்ரல் 29-ம், சியன்னா கத்தரீன் திருநாளன்று, திருத்தொண்டர் பட்டம் கேட்டுக் கூடுகிறார்கள். நானும் போவதுண்டு. கூட்டத்தில் நரைத்த தலைகளே அதிகம், அதுதான் எனக்குப் பயம். என் மகள் வயதுப் பெண்கள் கேட்பதில்லை, போய்விடுகிறார்கள்.

ரோமில் 54 பேர் ஓட்டுப் போட்டு எதுவும் மாறுமா? (கொழும்பு)

சுமார் 365 வாக்குகளில் 54. தீர்மானம் வந்தாலும் அது பாப்பரசருக்கு ஆலோசனைதான். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் போன மாமன்றங்களில் பெண்கள் பேசலாம், வாக்கெடுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இந்த முறை எண்ணும்போது அவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். வாக்கு எண்ணுகிறவளாக எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை.

நான் மூன்று வருடமாக மியூனிக்கில் ஐ.டி வேலையில் இருக்கிறேன். எனக்கு ஓட்டு உண்டா? (மியூனிக்)

ஜெர்மன் குடியுரிமை இருந்தால் மட்டும்தான், தம்பி. வரி கட்டுவது போதாது. குடியுரிமை உள்ளவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு வாக்கு, இரண்டும் கட்சியின் இடங்களுக்குக் கணக்கில் சேரும். இரண்டாவது சீட்டு மேசைவிரிப்பு அளவு இருக்கும். கட்சிக்குப் போடாமல் பட்டியலில் பிடித்த ஒரு ஆளின் பெயரைத் தேடிக் குறிக்கலாம், பெண்களை மேலே கொண்டுவர நினைப்பவர்களுக்கு அதுதான் வழி. சாவடி காலை 8 முதல் மாலை 6 வரை. எங்கள் ஊரில் சாவடி பங்கு மண்டபத்தில்தான், பூசை முடிந்து அப்படியே நடந்து வருவார்கள். சீட்டை நான்காக மடித்துக் கொடுங்கள், எண்ணுகிறவர்கள் பாவம்.