நான்கு படுக்கையறை, ஆனால் அனுமதி 8 பேருக்கு மட்டும் ஏன்?

நான்கு படுக்கையறை வீட்டை விருந்தினருக்குக் குறுகிய கால வாடகைக்கு விடுகிறீர்கள், அதில் ஓர் அறை அடித்தளத்தில் இருக்கிறது, அனுமதியோ 8 பேருக்குத்தான் வந்திருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். விளம்பரத்தில் 10 பேர் என்று போடாதீர்கள். அனுமதிச் சீட்டில் உள்ள 8-தான் செல்லும். சோபாவை விரித்தால் இன்னும் இரண்டு பேர் படுக்கலாம் என்பதெல்லாம் அனுமதி அலுவலகத்தில் எடுபடாது.

பல ஊர்களில் படுக்கையறைக்கு 2 பேர், அதற்கு மேல் மொத்தமாக 2 பேர் என்பது கணக்கு. உங்கள் ஊரிலும் அதுவே என்றால் நான்கு அறைக்கு 10 வந்திருக்க வேண்டும். 8 வந்திருப்பதைப் பார்த்தால், ஒரு அறையைப் படுக்கையறையாகவே ஏற்கவில்லை. நீங்கள் சொன்ன அடித்தள அறைமேல்தான் எனக்குச் சந்தேகம். படிக்கட்டில் புகை சூழ்ந்தால் வெளியேற வேறு வழி இல்லாத அறையில் ஆள் தூங்க விடமாட்டார்கள். சரியான விதிதான் அது.

இரண்டைப் பாருங்கள்:

1. அடித்தள அறையின் ஜன்னல் முழுதாகத் திறக்கிறதா, பெரியவர் ஒருவர் அதன் வழியே ஏறி வெளியே வர முடியுமா? கம்பி போட்டிருந்தால் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும்.

2. கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போகிறதென்றால் அதன் ஒப்புதல் தாளை எடுங்கள். மூன்று படுக்கையறைக்கு என்று கணக்கிட்ட தொட்டியானால், ஜன்னலை மாற்றியும் நான்காவது அறையை ஏற்கமாட்டார்கள். முதலில் இதைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குச் செலவழியுங்கள்.

கைக்குழந்தையைத் தலைக்கணக்கில் சேர்ப்பார்களா, பகலில் வந்துபோகும் விருந்தினருக்குத் தனி வரம்பு உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும். அனுமதி தந்த அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுப் பத்திரத்திலும் ஆள் வரம்பு இருக்கலாம், அதையும் ஒருமுறை புரட்டுங்கள்.